மூக்கு சொல்லும் சேதி

நாகரிகமுள்ளவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் பேசத் தகாதவை என்று சில விஷயங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது வீட்டுச் சாக்கடையின் நாற்றம். விருந்தாளி ஒருவர் வருகிறார்; கூடத்தில் அமர்கிறார்; ஒரு கணம் அவருடைய மூக்கு சுருங்குகிறது. வீட்டுக்காரர் அதைக் கண்டும் காணாதவர்போல் விட்டத்தைப் பார்க்கிறார். பிறகு இருவரும் மழை பொய்த்துப் போனதைப் பற்றி வெகு உற்சாகமாகப் பேசத் தொடங்குகிறார்கள். விருதுநகரில் அந்தப் பேச்சுக்கு மட்டும் எக்காலத்திலும் பஞ்சம் ஏற்படுவதில்லை.

ஆனால் பேசாமலிருப்பதனால் நாற்றம் போய்விடுவதில்லை. அது மட்டுமா? நாம் மூக்கை மூடிக்கொண்டு பேசாமலிருப்பதன் பலனைக் கடைசியில் அநுபவிப்பவன் பெரும்பாலும் வேறொருவன். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் இதைப் படிக்க வேண்டுகிறோம்.

நம் பக்கத்தில் வீட்டுக்கு நிலவறை கட்டும் வழக்கம் அபூர்வம். ஆயினும் நாம் குடியிருக்கும் வீட்டில் யாரும் கட்டாமலே ஒரு நிலவறை உண்டாகியிருக்கிறது. முன்னாளில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணையை அடைய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பழைய ரஸ்தாவைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே புதிது புதிதாகப் போட்டுக்கொண்டு வந்ததில் தெரு உயர்ந்தது. படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மறைந்தன. இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் வருகிறோம். இவ்வாறு இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பள்ளமாகிப்போன வீடுகள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் உண்டு. பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போடவேண்டும் என்று 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட நேர்ந்ததும் இதனால்தான்.

அப்படிப் பள்ளமாகிவிட்ட முன்னறையிலும், மாடிப்படியின் கீழுள்ள பழைய ஸ்நான அறையிலும், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வாரத்தில் நாற்றம் தலைகாட்டியது. “எலி ஏதாவது செத்துக் கிடக்கும், ஐயா” என்றார் நம் தாயார். பரணும் அலமாரியும் மூன்று நாள் கவிழ்க்கப்பட்டன, எலி அகப்படவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி பெரிய வியாபாரி. எதையும் விலை மதிப்பவர். “காத்து திரும்பினாச் சரியாப் போயிரும், சார். அதுவரைக்கும் ஒரு பாட்டில் பினாயிலை ஊத்திவிடுங்க” என்று யோசனை சொன்னார். பினாயில் வந்தது; சாம்பிராணி வந்தது; ஊதுவத்தி வந்தது. முன்பு ஒரு நாற்றம் இருந்த இடத்தில் நான்கு நாற்றங்கள் கூடிக் குடித்தனம் செய்யத் தொடங்கின.

இவ்விதம் மருந்து வாடையைக் கொண்டு துர்நாற்றத்தை வெல்லப் பார்த்தவர்கள் விருதுநகர்வாசிகள் மட்டும் அல்லர். 1858-ஆம் வருஷத்துக் கோடையில் லண்டன் நகரின் தேம்ஸ் நதி சாக்கடையாகவே மாறிவிட்டது. நதிக் கரையில் இருந்த பார்லிமெண்டு மண்டபத்தில் கனவான்கள் உட்கார முடியவில்லை. ஜன்னல் திரைகளை வெளுப்புத்தூள் கரைத்த நீரில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். திரை நனைந்ததுதான் மிச்சம். அதன் பிறகுதான் புத்தி வந்து, பதினெட்டே நாட்களில் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். ஜோஸப் பேசல்ஜெட் என்ற என்ஜினீயர் சுமார் 82 மைல் நீளத்துக்குச் செங்கல்லால் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். அரசாள்வோருடைய மூக்கைத் தொட்டால் காரியம் எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதற்கு இது ஒரு சரித்திரச் சான்று!

நாற்றத்தை மறைப்பதா, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதா? பள்ளிக்கூடத்தில் ரஸாயனம் கற்பிக்கிற நாம் இரண்டாவது வழியைத்தான் மேற்கொள்ள வேண்டும் அல்லவா?

சாக்கடை வாடையின் பிரதான சூத்திரதாரி ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயு. காற்று புகாத கழிவுநீரில் வாழும் நுண்கிருமிகள் அங்குள்ள கந்தகச் சத்தை இவ்வாயுவாக மாற்றுகின்றன. உஷ்ணம் ஏற ஏற அவற்றின் வேலையும் சுறுசுறுப்படைகிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்துக் குழந்தைகளுக்கு இவ்வாடையை விளக்கச் சிரமமே இல்லை. தீபாவளிக்கு மறுநாள் காலை, வெடித்துக் கிடக்கும் பட்டாசுக் குப்பையில் பனி பட்டதும் அழுகிய முட்டைபோல ஒரு வாடை கிளம்புமே, அதுவும் இவ்வாயுவேதான். வெடிமருந்திலுள்ள கந்தகத்தின் மிச்சம் ஈரத்தோடு கூடி அங்கே இதை உண்டாக்குகிறது.

இவ்வாயுவுக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது காற்றைவிடக் கனமானது. ஆகவே பள்ளமான அறைகளிலும் குழிகளிலும் தங்கிவிடும். இரண்டாவது குணம் வஞ்சகமானது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருக்கும்போதே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதே காற்றில் அது நூறு பங்கு அளவுக்கு ஏறிவிட்டால், சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் நினைப்பான். உண்மையில் நின்றது நாற்றமன்று, மூக்கு. ஐந்நூறு பங்குக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. வீட்டு அறையில் நாம் உணரும் வாடை பெரும்பாலும் மிகச் சொற்பமான அளவினதே. அதற்காக யாரும் கலங்க வேண்டாம். ஆனால் மலத்தொட்டிக்குள் இருப்பது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

கழிவுக் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் காவற்காரன் யார் தெரியுமா? கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும்படி செய்தால், நீர் கீழே போகும். வாயு மேலே வரமுடியாது. 1775-ஆம் வருஷத்தில் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் மலஜலத் தொட்டிக்கு இத்தகைய வளைகுழாயை அமைத்து அதற்குப் பேடண்டு உரிமை பெற்றார். நம் பிளம்பர்கள் இதை ‘டிராப்’ என்கிறார்கள். ஸ்நான அறைத் தரையில் பதிப்பது ‘நானி டிராப்’. வீட்டுக்கு வெளியே சுவரோரம் வைப்பது ‘கல்லி டிராப்’. அதில் நிற்கும் நீரின் ஆழம் சாதாரணமாக 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். நம் ஊர் வெயிலில் இரண்டு அங்குலத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்?

மாடிப்படியின் கீழுள்ள ஸ்நான அறையை நம் வீட்டில் எவரும் உபயோகிப்பதில்லை. பழைய பாத்திரங்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கே வாசம் செய்கின்றன. சாமான்களை ஒதுக்கிவிட்டு, தரையிலிருந்த சல்லடையைத் தூக்கி, டார்ச் விளக்கடித்துப் பார்த்தோம். காவற்காரனைக் காணோம்! டிராப் எலும்பாக உலர்ந்து கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டோம். எண்ணெய் மேலே படலமாக மிதந்து, நீர் ஆவியாகிப் போவதைத் தாமதப்படுத்தும். செலவு மிகச் சொற்பம். அன்று மாலையே நாற்றம் பாதிக்கு மேல் குறைந்தது.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். முன்னாளில் செவ்வாய், வெள்ளிகளில் வீடு முழுவதையும் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். முற்றத்து ஜலதாரை ஒருநாளும் உலராது. இப்போது பளபளக்கும் ஓடு பதித்த தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திருப்தியடைகிறோம். தரை சுத்தமாகிறது, தரையிலுள்ள டிராப் உலர்கிறது. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களைக் கதவு திறந்ததும் நாற்றம் வரவேற்பதன் ரகஸ்யம் இதுவே.

உலர்ந்த டிராப் வெறும் நாற்றத்தோடு போகும் என்றும் சொல்வதற்கில்லை. 2003-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஹாங்காங்கில் ‘அமாய் கார்டன்ஸ்’ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் காட்டுத்தீயாகப் பரவி, முந்நூறு பேருக்கு மேல் பீடித்தது. ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, ஸ்நான அறைத் தரைகளில் டிராப்புகள் உலர்ந்து கிடந்தது. உள்ளே காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி சுழல, கழிவுக் குழாயிலிருந்த நோய்த் துளிகள் உலர்ந்த வாய் வழியாக அறைக்குள் இழுக்கப்பட்டன என்பது அவர்களுடைய முடிவு. நம் வீடுகளிலும் அவ்வகை விசிறி ஓடும்போதுதான் நாற்றம் அதிகரிக்கிறது என்றால், முதலில் டிராப்பைப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டில் எஞ்சியிருந்த நாற்றத்துக்கு வருவோம். அது தினந்தோறும் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரையில் மட்டும் வந்தது. மாடியில் குளிக்கும் நேரம் அது. மேலே ஒருவர் வாளித் தண்ணீரைச் சாய்த்ததும் கீழே டிராப்பில் ‘களக், களக்’ என்று சப்தம் கேட்டது. ரோகி தானே தன் வியாதியைச் சொல்லிவிட்டதுபோல இருந்தது. நீர் வேகமாகக் குழாயில் இறங்கும்போது பின்னால் காற்று வந்து நிரம்ப வேண்டும். வேறு வழியில் காற்று கிடைக்காவிட்டால், அது டிராப்பிலுள்ள நீரையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும். இதைத் தடுப்பதற்காகவே கழிவுக் குழாயிலிருந்து ஒரு காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் வரையில் கொண்டுபோய்த் திறந்துவிடுவது. வாயுவுக்கும் அதுவே வெளியேறும் வாசல்.

மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தோம். நமக்கு முன் குடியிருந்தோர் காலத்தில் மாடியில் ஓர் அறை எழுப்பியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு நேரே காற்றுக்குழாய் வந்தது போலும். குழாயை அறுத்து, அதன் வாயில் சிமெண்டை அப்பி மூடிவிட்டார்கள்! மேலே போகவேண்டிய வாயு, வழியடைபட்டுக் கீழே நம் முன்னறைக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன? பிளம்பரை அழைத்துச் சிமெண்டை உடைத்து, குழாயை அந்த அறையின் கூரைக்கும் மேலே உயர்த்தி, பறவை கூடு கட்டாமலும் கொசு புகாமலும் இருக்கும்படி வலையிட்ட மூடியைப் பொருத்தினோம். ‘களக், களக்’ நின்றது.

மற்ற வீடுகளில் காரணம் வேறாக இருக்கலாம். கை கழுவும் தொட்டியின் குழாயை டிராப் இல்லாமலே நேராகச் சாக்கடையில் செருகியிருப்பார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயைச் சுற்றி இடைவெளி இருக்கும். மேனாட்டு மலஜலத் தொட்டி தரையோடு சேருமிடத்தில் விரிசல் விட்டிருக்கும். சேம்பர் மூடி உடைந்திருக்கும். வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு வாயை மட்டும் ஈரத்துணியாலும் பாலிதீன் தாளாலும் இறுக மூடி, ஓர் இரவு கழித்து முகர்ந்து பார்ப்பது நல்ல உபாயம். மூக்கு விரைவில் பழகிவிடும். ஆகவே சிறிது நேரம் வெளியே உலாவிவிட்டு வந்து சோதிக்க வேண்டும். ஒருபோதும் தீக்குச்சி கிழித்துச் சோதிக்கலாகாது. சாக்கடை வாயுவில் மீதேனும் உண்டு. காற்றில் அது நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரையில் கலந்திருக்கையில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். தீப்பெட்டியும் பட்டாசும் செய்து தேசத்துக்கெல்லாம் அனுப்பும் வட்டாரத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கடைசியாக மலத்தொட்டி. இரண்டு மூன்று வருஷங்களுக்கொரு முறை அதிலுள்ள அடிக்கசடை அகற்ற வேண்டும். நாமோ அதன் மூடி இருக்குமிடமே தெரியாதபடி ஓடு பதித்து, மேலே துளசி மாடமும் வைத்துவிடுகிறோம். தொட்டி நிரம்பி வழிந்தால் தெருச் சாக்கடைக்குப் போகும்; தெருச் சாக்கடை கௌசிகா நதிக்குப் போகும். மழைக்காலத்தில் மட்டும் நீரோட வேண்டிய அந்நதியில் மற்றக் காலங்களில் ஓடுவது எது என்று விருதுநகர்வாசிகளுக்குச் சொல்ல வேண்டுமா?

நம் வீட்டு முற்றத்தில் ஓட்டைப் பெயர்த்து மூடியைத் திறந்தபோது, தொட்டி கழுத்தளவு நிரம்பியிருந்தது. பிளம்பருடன் வந்த முதியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “லாரியெல்லாம் எதுக்குங்க சார்? நான் இறங்குனா அரை நாள்ல அள்ளி முடிச்சிருவேன். இதுமாதிரி எத்தனை தொட்டி பார்த்திருக்கேன்” என்று சொல்லித் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். அவரைப் பின்னால் இழுத்து நிறுத்தினோம்.

சுவருக்கு அப்பாலிருந்து அண்ணாச்சி, “அவரே இறங்குறேங்காரு. உங்களுக்கு என்ன சார்? லாரிக்காரன் கேக்குறதுல பாதி கொடுத்தாப் போதும்” என்றார். அண்ணாச்சி கெட்டவர் அல்லர். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாராளமாகக் கொடுப்பவர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லக்கூடியதைத்தான் அவரும் சொன்னார். முதியவருடைய முகத்திலோ வேறு கவலை தெரிந்தது. “அப்போ இன்னிக்குக் கூலி இல்லீங்களா?” என்று மெல்லக் கேட்டார். அந்தக் கேள்விதான் நம்மை அன்றிரவு தூங்கவிடவில்லை. உயிரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கூலியைப் பற்றித்தான் கேட்டார். ஓட்டைப் பெயர்த்ததற்கும் குழாய் வேலைக்கு உதவியதற்குமாக முழு நாள் கூலியைக் கொடுத்தோம். மறுநாள் உறிஞ்சும் லாரி வந்து, ஒரு மனிதனும் உள்ளே இறங்காமல், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போயிற்று.

துண்டு கட்டினால் விஷவாயு நின்றுவிடாது. அரைப் பகல் கலக்காமல் கிடந்த கசட்டைக் கலக்கியதும் அதில் அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாகக் கிளம்பும், மூக்கு மரத்துப்போகும், ஓரிரு மூச்சில் மனிதன் சாய்ந்துவிடுவான். மேலே நிற்பவர் காப்பாற்றக் குதிப்பார்; அவரும் சாய்வார். பத்திரிகையில் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் மாண்டவர் ஒருவராக இல்லாமல் இருவர், மூவர் என்று இருப்பதன் காரணம் இதுதான்.

மனிதனை மலத்தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் தகுந்த பாதுகாப்பின்றி இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது அதிகாரிகளுக்கும் காண்டிராக்டர்களுக்கும் மட்டுமன்று, வீட்டுக்காரருக்கும் உரிய சட்டம். சாக்கடையில் மாண்டவருடைய குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அளிக்கவேண்டும் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023-ஆம் வருஷம் அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததைக் கண்டு மகிழ்வதற்கில்லை. இன்னும் அதைக் கொடுக்கவேண்டிய அவசியம் இருக்கிறதே என்று வெட்கப்படுவதற்குத்தான் இடமிருக்கிறது.

நாலாயிரம் வருஷங்களுக்கு முன்பே மொஹஞ்சதாரோவில் வீட்டுக்கு வீடு செங்கல்லால் மூடிய சாக்கடை இருந்தது என்று நாம் பெருமை பேசுகிறோம். பெருமைக்குரிய விஷயந்தான். ஆனால் இடைக்காலத்தில் நாம் செய்த காரியம் என்ன? சாக்கடை என்றால் அது ஒரு வகுப்பாரின் பாடு என்று ஒதுக்கிவிட்டு, நம் வீட்டு அழுக்குக்கு நமக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டோம். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, காந்தியடிகள் ராஜ்கோட் நகரில் வீடு வீடாகச் சென்று கக்கூஸ்களைப் பார்வையிட்டார். ஏழைகள் தடை சொல்லாமல் காட்டினார்கள். பெரிய மனிதர்களில் சிலர் உள்ளேயே விடவில்லை. நாற்றமெடுத்துக் கிடந்தவையும் பெரிய வீடுகளே. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடிசைகளோ மெழுகித் துடைத்துச் சுத்தமாக இருந்தன. இவற்றையெல்லாம் அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சுயராஜ்யம் என்பது கோட்டையில் கொடியேற்றுவதோடு முடிவதன்று, கொல்லைப்புறம் வரையில் வந்து சேர வேண்டியது என்று அவர் அன்றே கண்டுகொண்டார்.

ஆகவே இல்லறத்தார் செய்யவேண்டியவை இவை. வெள்ளிக்கிழமைதோறும், உபயோகமில்லாத அறைகள் உள்பட, தரையிலுள்ள ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மொட்டை மாடிக்குப் போய்க் காற்றுக்குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலத்தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது காலி செய்தோம் என்பதை வீட்டுக் கணக்குப் புஸ்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். நிரம்பினால் லாரியை அழைக்க வேண்டும். “நான் இறங்குகிறேன்” என்று யார் சொன்னாலும், எவ்வளவு குறைந்த கூலிக்குச் சொன்னாலும், “வேண்டாம், ஐயா” என்று சொல்லி, வேறு வேலையும் அதற்குரிய கூலியும் கொடுக்க வேண்டும்.

நம் வீட்டுத் தொட்டி காலியான மறு வாரம் அண்ணாச்சி சுவரோரம் வந்து நின்றார். மழையைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று எண்ணினோம். “சார், அந்த லாரிக்காரன் நம்பர் இருந்தாக் கொடுங்க” என்றார்.